கால் மணி நேரத்தில் விழும் இழுவை: ஒரு 1991 யூனோஸ் ரோட்ஸ்டரின் பழுதுப் பதிவு

ஷெஃபீல்டிலிருந்து மேற்கே கிளாசாப் நோக்கிச் செல்லும் ஏ57 சாலை, லேடிபவர் நீர்த்தேக்கத்தைக் கடந்ததும் மரங்களுக்கு நடுவே மெல்ல ஏறத் தொடங்கி, ஸ்னேக் பாஸ் எனப்படும் கணவாயில் ஏறத்தாழ 510 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. 2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்திருந்தபோது, என் காரின் இழுவை விழுந்தது. வண்டி குலுங்கவில்லை, சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் மட்டும் கரைந்துகொண்டே போனது. காலைப் பாதி தூக்கியதும் இன்ஜின் இயல்பாக ஓடியது. மறுபடி மிதித்ததும் மறுபடி அடங்கியது. உச்சியில் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளப்பியபோது எந்தக் குறையும் இல்லாமல் 7,000 சுற்று வரை ஏறியது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. அங்கு ஓடிய வண்டிகள் பல பின்னாளில் பிரிட்டனுக்கு இறக்குமதியாயின. என்னுடையது அவற்றுள் ஒன்று. 1597 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, பி6-இசட்ஈ என்னும் இன்ஜின், டர்போ இல்லை, திறன் 115 குதிரைத்திறன் அளவில்தான் இருக்கும். வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் அந்தத் திறனே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அதில் பத்து இருபது குறைந்தாலும் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். இதன் கணினி, இன்றைய கார்களைப்போல் ஸ்கேனரைச் செருகினால் எல்லாவற்றையும் ஒப்பிக்கும் ரகம் அன்று. இன்ஜின் அறையில் இருக்கும் சிறு பெட்டியில் இரண்டு முனைகளை இணைத்து, ஒரு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிப் பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் இது ஏழு முறை நிகழ்ந்தது. கிளம்பிய உடனே ஒருபோதும் வராது. கால் மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது வராது. ஏற்றத்திலும், நெடுஞ்சாலையில் முந்தும்போதும்தான் வரும். ஆனால் எல்லா ஏற்றத்திலும் வராது என்பதுதான் சிக்கல். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் இரண்டு நாள் விட்டுவைத்தேன். அவர்கள் நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது வண்டி சமர்த்தாக ஓடியிருக்கிறது. பழைய வண்டி என்பதால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலாகத்தான் இருக்கும் என்று சொல்லி, காயில் தொகுதியை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அதே ஏற்றத்தில் அதே அடக்கம். அதன் பிறகுதான் நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த, கையில் கிரீஸ் ஒட்டுவதை வெறுக்காத ஒருவன் மட்டுமே.

இழுவை குறைய வேண்டுமானால் காற்று, பெட்ரோல், தீப்பொறி இம்மூன்றில் ஒன்று குறைய வேண்டும். அல்லது இன்ஜினே உள்ளே தேய்ந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை முதலில் கழித்தேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் 12 பாருக்கும் 12.5 பாருக்கும் இடையில் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. மேலும், தேய்ந்த இன்ஜின் எப்போதும் தேய்ந்ததாகவே இருக்கும். பத்து நிமிட ஓய்வில் அது இளமை பெறாது.

தீப்பொறியைப் பற்றி நான் அப்போதே சரியாக யோசித்திருந்தால் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும். இந்த இன்ஜினில் இரண்டு காயில்கள்தான். ஒன்று முதல், நான்காம் சிலிண்டர்களுக்கும் மற்றது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கும் சேர்த்தே தீப்பொறி தருகிறது. ஒரு காயில் படுத்தால் பாதி இன்ஜின் படுத்துவிடும். அப்போது வண்டி உதறும், மிஸ்ஸிங் அடிக்கும். இக்னிஷன் மொத்தமாக விட்டுவிட்டு வந்தால் சுற்றுமானியின் முள்ளும் துள்ளும், ஏனெனில் அந்த முள்ளுக்கான சமிக்ஞை இக்னிஷனிலிருந்தே வருகிறது. என் வண்டியில் முள் ஒருமுறைகூடத் துள்ளவில்லை. நான்கு சிலிண்டர்களும் ஒரே சீராக, ஒன்றாகவே சோர்ந்தன. நான்கும் ஒன்றாகச் சோர்வது பெட்ரோலோ காற்றோ குறைவதன் அடையாளம். இதை இப்போது எளிதாக எழுதுகிறேன். அன்று செய்தது வேறு. பிளக் வயர்களின் மின்தடையை அளந்தேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 கிலோ ஓம் இருக்க வேண்டிய வயர்களில் ஒன்று அதைப்போல் மூன்று மடங்கு காட்டியது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற மகிழ்ச்சியில் நான்கு வயர்களையும் பிளக்குகளையும் மாற்றினேன். மழைநாள் காலைகளில் கிளப்பும்போது இருந்துவந்த சிறு உதறல் அதோடு போயிற்று. ஏற்றத்தில் விழும் இழுவை போகவில்லை.

அடுத்து காற்று. 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட இந்தத் தலைமுறை வண்டிகளில் காற்றை அளக்கும் கருவி, உள்ளே ஒரு கதவைக் கொண்ட பழைய வகை. உறிஞ்சப்படும் காற்று அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதைக் கரித்தடத்தில் உரசும் ஒரு முள் கணினிக்குச் சொல்லும். இந்தக் கருவிக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலுக்கும் நடுவே மடிப்புகள் கொண்ட ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தபோது, மடிப்பின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் சற்றே சாய்கிறது. அந்தச் சாய்வில் வெடிப்பு திறந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் குறையும், இழுவையும் குறையும். கதை அழகாகப் பொருந்தியது. புதுக் குழாய் வாங்கிப் போட்டேன். ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது, முன்னைவிடச் சீரானது. அந்த வார இறுதியில் ஸ்னேக் பாஸ் என்னை மறுபடியும் அவமானப்படுத்தியது.

மூன்றாவதாகப் பெட்ரோல் ஃபில்டர். இந்த வண்டியில் அது வலது பின்சக்கரத்துக்கு முன்னால், அடிப்பகுதியில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கிறது. சாலைச் சேறும் உப்பும் நேராகப் படும் இடம் என்பதாலும், வண்டியைத் தூக்கிவைத்து அடியில் படுக்க வேண்டும் என்பதாலும் பலர் அதை மாற்றுவதே இல்லை. குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோலை முதலில் இறக்க வேண்டும். அதற்கான முறை எளியது: இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் பம்ப் ரிலேயின் (பம்புக்கு மின்சாரத்தை விடும் மின்காந்தச் சுவிட்ச்) கனெக்டரைப் பிடுங்கினால் பம்ப் நின்றுவிடும், குழாயில் எஞ்சியதைக் குடித்து முடித்ததும் இன்ஜின் தானே அணையும். அப்படியே செய்தேன். கனெக்டர் இறுகிப்போயிருந்ததால் ரிலேயை ஒரு கையால் பிடித்து, முன்னும் பின்னும் பலமாக ஆட்டித்தான் கழற்ற முடிந்தது. இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை.

கழற்றிய ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது காபி டிகாஷன் நிறத்தில் பெட்ரோல் வழிந்தது. புதியதைப் போட்டு, மறுநாளே மலை ஏறினேன். வண்டி பறந்தது. அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் பறந்தது. பழுது பார்த்தவற்றை எழுதிவைக்கும் நோட்டில் "ஃபில்டர் மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். பதினாறாம் நாள், டிசம்பர் தொடக்கத்தில், இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது, ஒரு லாரியை முந்தப் போன இடத்தில் இழுவை விழுந்தது. எதிரே வண்டி எதுவும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரவுக்குப் பிறகு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டேன். பழுது நிகழும் அந்த நொடியில் என்ன குறைகிறது என்று அளந்து பார்க்கும்வரை எதையும் மாற்றுவதில்லை என்பதே அது. அதுவரை நான் கண்டுபிடித்த மூன்று குறைகளும் உண்மையான குறைகள்தாம். முப்பது வயதைத் தாண்டிய வண்டியில் எங்கே கை வைத்தாலும் ஏதாவது ஒரு குறை அகப்படும். அகப்பட்டதற்கும் தேடியதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்காமல் விட்டதே என் தவறு.

முதல் அளவீட்டுக்குச் செலவே இல்லை. இந்த வண்டியின் ஆக்சிஜன் சென்சார் ஒற்றைக் கம்பி கொண்டது; புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தால், 0.1 வோல்ட் அளவில் காட்டும். பெட்ரோல் மிகுந்திருந்தால் 0.9 வோல்ட்டை நெருங்கும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது கணினி வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டித் தருவதால் அப்போது 0.85க்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் கம்பியிலிருந்து ஒரு வயரை உள்ளே கொண்டுவந்து மல்டிமீட்டரில் மாட்டினேன். ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம் என்பதால், இங்கே முதுகலை படிக்க வந்திருந்த அக்கா மகனைப் பக்கத்து இருக்கையில் அமர்த்திக்கொண்டேன். இருபது நிமிடத்தில் பழுது வந்தது. "மாமா, 0.9ல இருந்தது அப்படியே 0.1க்கு வந்திருச்சு" என்றான். எனவே பெட்ரோல்தான் குறைகிறது. அளக்கப்படாத காற்று இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்க வேண்டுமானால் குழாயே கழன்றிருக்க வேண்டும். தீப்பொறி பற்றிய கேள்வி அத்தோடு முடிந்தது. நான் மாற்றிய வயர்களும், பட்டறையில் மாற்றிய காயிலும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

பெட்ரோல் குறைகிறது என்றால் இரண்டு வழிகளில் குறையலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் குறைந்த நேரம் திறக்கலாம், அல்லது சரியான நேரம் திறந்தும் பின்னால் அழுத்தம் இல்லாமல் போகலாம். இன்ஜெக்டருக்கு வரும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு அழுத்தமானி ஒன்றைச் சேர்த்தேன். பெட்ரோல் நிறைந்த குழாயை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவரக் கூடாது; ஆகவே அதைப் பானெட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, மானியின் முகம் உள்ளே தெரியும்படி கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டினேன். கிளிப்புகளை இரண்டு முறை சரிபார்த்து, கசிவு இல்லை என்பதை உறுதி செய்து, காலடியில் ஒரு தீயணைப்பானையும் வைத்துக்கொண்டு கிளம்பினோம். திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது இந்த வண்டியில் சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.2 கிலோ வரை அழுத்தம் இருக்க வேண்டும். நல்ல நிலையில் 2.9 காட்டிய முள், பழுது வந்தபோது 1.4க்கு இறங்கியது. காலை எடுத்ததும் ஏறியது.

காலை எடுத்ததும் ஏறுவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலின் தேவை சீரானது அன்று. ஐடிலிங்கில் இந்த இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் குடிக்கும். முழு இழுவையில், 115 குதிரைத்திறனுக்குக் கணக்கிட்டால், மணிக்கு 35 லிட்டர் அளவுக்கு வேண்டியிருக்கும். பம்ப் பாதி உயிரோடு இருந்தாலும் முதல் தேவையை நிறைவு செய்துவிடும். இரண்டாவதில்தான் அதன் பலவீனம் வெளிப்படும். பட்டறையில் நிறுத்திவைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் எதுவும் தெரியாமல் போனது இதனால்தான்.

இப்போது பம்பின் மேல் சந்தேகம் திரும்பியது. புதிய பம்ப் ஒன்றை வாங்கும் பக்கத்தைத் திறந்து, வாங்கு என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தும்விட்டேன். ஒழுங்கு நினைவுக்கு வந்தது. பம்ப் சோர்வதும் பம்புக்கு மின்சாரம் போதாமல் போவதும் அழுத்தமானிக்கு ஒன்றாகவே தெரியும். இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் தட்டின் விரிப்பைத் தூக்கினால் ஓர் உலோக மூடி இருக்கும். அதைக் கழற்றினால் டேங்குக்குள் இருக்கும் பம்பின் கனெக்டர் கைக்கு எட்டும். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர்களை, வழியில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காதபடி ஒரு 1 ஆம்பியர் ஃபியூஸையும் சேர்த்து, மீட்டருக்கு இழுத்தேன். கிளம்பும்போது பம்பில் 13.2 வோல்ட். பதினெட்டாம் நிமிடத்தில் 12 ஆயிற்று, பிறகு 11, அக்கா மகன் ஏலம் விடுபவனைப்போல் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். 8.2 என்று அவன் சொன்ன நேரத்தில் இழுவை முற்றிலும் போயிருந்தது. அதே நேரம் டிக்கியில் இருக்கும் பேட்டரியின் முனைகளில் 13.8 வோல்ட் குறையாமல் இருந்தது. பம்ப் குற்றமற்றது. பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவே ஐந்து வோல்ட்டுக்கு மேல் யாரோ தின்றுகொண்டிருந்தார்கள்.

நடுவே இருப்பவை என்னென்ன என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். சாவி வழியாக வரும் மின்சாரம் பம்ப் ரிலேயின் தொடுமுனைகளைக் கடந்து பம்புக்குப் போகிறது. அந்த ரிலேயை இயக்குவது யார் என்பதில்தான் இந்த வண்டியின் சுவையான அம்சம் இருக்கிறது. காற்றளவுக் கருவியின் கதவு சற்றே திறந்தாலும் அதனுள் இருக்கும் ஒரு சுவிட்ச் மூடிக்கொண்டு ரிலேயின் சுருளுக்கு எர்த் கொடுக்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் பம்ப் ஓடும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்பும் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அந்த சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் ரிலே தளர்ந்து பிடிக்கும். அதைக் கழிக்க ஒரு குறுக்குவழி உண்டு: இன்ஜின் அறையின் சோதனைப் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்று குறித்த இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால், காற்றளவுக் கருவியைக் கேட்காமலே ரிலே இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பாதுகாப்பு அப்போது இல்லாமல் போவதால் இதைச் சோதனைக்கு மட்டுமே செய்ய வேண்டும். இணைத்துவிட்டு ஓட்டினோம். பழுது வந்தது. காற்றளவுக் கருவியும் விடுதலையாயிற்று. பம்பின் எர்த் பக்கத்தை அளந்ததில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. எஞ்சியவை ரிலேயின் தொடுமுனையும் அதன் கனெக்டரும் சாவிச் சுவிட்சும்தான்.

மீட்டரின் வயர்களை ரிலேயின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் மாற்றிக் கிளம்பிய நாள் வழக்கத்துக்கு மாறாக வெயில் அடித்தது. நாற்பது நிமிடம் ஓட்டியும், இரண்டு முறை மலை ஏறி இறங்கியும், பழுது வரவில்லை. பழுது வர வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொண்டு ஓட்டுவது விசித்திரமான நிலைதான். அக்கா மகன் குளிர்கிறது என்று சொல்லி ஹீட்டரைப் போட்டான். கூரையைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் காலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டுவது இந்த வகைக் கார் வைத்திருப்போர் எல்லாரும் குளிர்காலத்தில் செய்வது. நானும் அப்படித்தான் ஓட்டுவேன். அன்று வெயிலை நம்பி ஹீட்டரைப் போடாமல் வந்திருந்தேன். போட்டுப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "மாமா, ஏறுது" என்றான். ரிலேயின் இரு முனைகளுக்கும் இடையே 0.2 வோல்ட்டாக இருந்த இழப்பு 1.5 ஆகி, 3 ஆகி, 5ஐத் தாண்டியது. ஹீட்டரை அணைக்கச் சொன்னேன். வண்டியை நிறுத்தி, கையைக் கீழே விட்டு ரிலேயைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை.

ஏப்ரலில் வாங்கிய வண்டியில் அக்டோபர் வரை பழுது ஏன் தலைகாட்டவில்லை, குளிர்ந்த நாள்களில் மட்டும் ஏன் வந்தது, பட்டறைக்காரர் கொட்டகைக்குள் வைத்துப் பார்த்தபோது ஏன் ஒளிந்துகொண்டது என்பவை எல்லாம் அந்த ஒரு தொடுகையில் வரிசையாக விளங்கின. ரிலே இருந்த இடம், காலுக்கு வரும் வெங்காற்றின் நேர்வழி.

வீட்டுக்கு வந்து ரிலேயைக் கழற்றி மேசையில் வைத்தேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, தொடுமுனைகளின் வழியே 21 வாட் பல்புகள் இரண்டைச் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து பம்பின் அளவுக்கு, ஏறத்தாழ 3.5 ஆம்பியர், இழுக்கும். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. தலைமயிர் உலர்த்தும் டிரையரை ரிலேயின் மேல் திருப்பினேன். நான்கு நிமிடத்தில் பல்புகள் மஞ்சளாகி, சிவந்து, மங்கின. பென்சிலால் ரிலேயைத் தட்டியதும் பளிச்சென்று திரும்பின. உறையைப் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, தொடுமுனைகளில் கரி இருந்தாலும் அவை மோசமில்லை. கோளாறு ரிலேக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் அடியில் இருந்தது: பருத்த முனை பலகையைத் துளைத்து வரும் இடத்தில், அதை ஒட்டவைத்த ஈயப் பற்றைச் சுற்றி ஒரு மெல்லிய கரிய வளையம். பற்று முனையை விட்டுப் பிரிந்து, வெறுமனே உரசிக்கொண்டு நின்றிருந்தது. சுற்றியிருந்த பலகை பழுப்பேறியிருந்தது.

பழுப்புக்கான கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 8.2 வோல்ட்டில் பம்ப் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுத்தது; அந்த இணைப்பில் விழுந்தது 5.4 வோல்ட், பெருக்கினால் 16 வாட்டுக்குச் சற்று மேல். அது ஒரு சிறிய சால்டரிங் அயனின் சூடு. ஹீட்டரின் வெங்காற்று விரிசலைச் சற்றே அகட்டும். அகன்ற விரிசலில் தடை கூடும். கூடிய தடையில் மின்சாரமே சூட்டைக் கிளப்பி, விரிசலை மேலும் அகட்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றால் இரண்டு சூடும் ஒன்றாக நின்று, பற்று சுருங்கி முனையைக் கவ்விக்கொள்ளும். ஸ்னேக் பாஸ் உச்சியில் நான் பானெட்டைத் திறந்து பார்த்ததால் வண்டி சரியாகவில்லை. எதையும் செய்யாமல் நின்றதால் சரியாயிற்று.

இங்கேதான் ஃபில்டர் மாற்றிய நாள் நினைவுக்கு வந்தது. அழுத்தத்தை இறக்குவதற்காக அன்று நான் பிடித்து ஆட்டியது இந்த ரிலேயைத்தான். அந்த ஆட்டலில் விரிசலின் இரு பக்கமும் நெருங்கி உட்கார்ந்து, பென்சிலால் தட்டியதும் பல்புகள் திரும்பியதுபோல், பதினாறு நாள்கள் நல்லபடியாக மின்சாரம் கடத்தியிருக்கிறது. பழுது இருந்த இடத்தைத் தெரியாமலே தொட்டுச் சரிசெய்துவிட்டு, புகழை முழுவதும் வேறொரு பொருளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஃபில்டர் அழுக்கு என்பது உண்மை, மாற்றியதும் நல்லதே. ஆனால் அந்தப் பதினாறு நாள் பறத்தலில் அதற்குப் பங்கு இருந்ததாக இப்போது நான் நம்பவில்லை.

புதிய ரிலேயை வாங்கினேன். அதை மாட்டுவதற்கு முன் கனெக்டரின் பெண்முனைகளையும் பார்த்தேன். சூட்டில் ஒன்று தளர்ந்து நிறம் மாறியிருந்ததால், அந்த ஒரு முனையை மட்டும் வெட்டி, புதிய முனையைச் சரியான கருவியால் நெரித்து மாட்டினேன். இதைச் செய்யாமல் ரிலேயை மட்டும் மாற்றியிருந்தால் தளர்ந்த முனை புதிய ரிலேயையும் மெல்லச் சுட்டிருக்கும். பழைய ரிலேயின் பற்றை உருக்கி எடுத்து, முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக ஈயம் வைத்து, மறுபடியும் மேசையில் டிரையருக்குக் கீழே இருபது நிமிடம் வைத்துப் பார்த்தேன்; பல்புகள் மங்கவில்லை. அதைத் துணியில் சுற்றி டிக்கியில், ஜாக்கின் அருகே வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் ஒரு காலை, வெளியே 3 டிகிரி. கூரையைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் காலுக்குத் திருப்பி, மீட்டரை மறுபடியும் பம்பில் மாட்டிக்கொண்டு லேடிபவரிலிருந்து கிளாசாப் வரை போய், அங்கே தேநீர் குடித்துவிட்டு, அதே வழியில் திரும்பினோம். மீட்டரைக் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் நிலையில் விட்டிருந்தேன். வீட்டு வாசலில் பார்த்தபோது 13.1 என்று நின்றது. அன்று மாலை நோட்டைத் திறந்து, நவம்பர் மாதப் பக்கத்தில் "பிரச்சினை தீர்ந்தது" என்ற இரு சொற்களையும் அவற்றின் அடிக்கோட்டையும் அடித்துவிட்டு, பக்கத்தில் "ரிலே கனெக்டரை ஆட்டிக் கழற்றினேன்" என்று எழுதிச் சேர்த்தேன்.